திரையை அணைத்த டீச்சர்

ஜூன் 12

அன்புள்ள குட்டிக்கு,

நான் சுகம். நீ, மாப்பிள்ளை, பாப்பா மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒழுங்காக எழுது. போன கடிதத்தில் "எல்லாரும் இருக்கோம்" என்று எழுதியிருந்தாய். இருக்கிறீர்கள் என்பது எனக்கே தெரியுமடி.

போனில் பேசக்கூடாதா என்று மாப்பிள்ளை மறுபடியும் கேட்டாராம். அவருக்கென்ன தெரியும்? போனை எடுத்தால் நமக்குள் சண்டை, வைக்கும்போது அழுகை. கடிதத்தில்தான் இரண்டு பேரும் மனுஷிகளாக நடந்துகொள்கிறோம். கம்ப்யூட்டர் டீச்சர் கையால் கடிதம் எழுதுகிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரே கேலி. சிரித்துவிட்டுப் போகட்டும்.

புதுச் செய்தி ஒன்று. கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிற எல்லோரும் இந்த வருஷம் பயிற்சிக்குப் போக வேண்டுமாம். புது முறையில் ஒரு வகுப்பு நடத்திக் காட்டித் தேற வேண்டும். தேறாதவர்களுக்கு அடுத்த வருஷம் லேப் கிடையாது. எங்கள் ஹெட்மாஸ்டர், அதுதான் நம் பெருமூச்சு, வாக்கியத்துக்கு ஒரு மூச்சு விட்டபடி சொன்னார்: "இத்தன வருஷம் கழிச்சு உங்களைப் போய் பரீட்சை எழுதச் சொல்றாங்களே டீச்சர்."

பயந்துகொண்டேதான் போனேன். ஆனால் பயிற்சி கொடுக்கும் அம்மா வந்ததும் வராததுமாக, "கம்ப்யூட்டரே இல்லாம கம்ப்யூட்டர் பாடம் நடத்த முடியுமா?" என்று கேட்டார். மற்றவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முடியும் என்று கையைத் தூக்கிவிட்டேன். எப்படி என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா

ஜூன் 30

அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம், உண்ணுகிறோம், உறங்குகிறோம், ஒருவரை ஒருவர் கடிந்துகொள்கிறோம். போதுமா விவரம்?

உன் கடிதம் ஆறு பக்கம் என்றதும் எனக்குப் பெருமையாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்கு ஏழு வரி! எழுத்து ஒவ்வொன்றும் பேருந்துப் பலகையில் எழுதுகிற அளவு. வரிகள் வேறு வலது பக்கம் போகப் போகச் சரிவில் இறங்குகின்றன. "உங்கக்கா ஓடற வண்டியில உக்காந்து எழுதினாங்களா?" என்று உன் மாப்பிள்ளை கேட்டார். கண்ணாடியை மாற்று அக்கா. அந்தப் பழைய கண்ணாடியை எந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்போகிறாய்?

பாப்பா இங்கே வீட்டை இரண்டாக்குகிறாள். டம்ளரை வைத்தால் மேஜைக்கு வெளியே வைக்கிறாள், நடந்தால் வாசற்படியில் இடித்துக்கொள்கிறாள். ஒன்பது வயதாகிறது, இன்னும் நிதானமில்லை. நேற்று இரண்டு வைத்தேன். பிறகு நானே உட்கார்ந்து அழுதேன். பிள்ளை வளர்ப்பதற்கு ஏன் யாரும் பயிற்சி வைக்க மாட்டேன் என்கிறார்கள்?

உன் புது வகுப்பைப் பற்றி எழுது.

குட்டி

ஜூலை 28

அன்புள்ள குட்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பாப்பாவை அடிக்காதே. அடிக்கிற கை ஒடிந்து போகட்டும் என்று சபிக்கமாட்டேன், உன் கை எனக்கு வேண்டும்.

வகுப்பு பிய்த்துக்கொண்டு போகிறது! எல்லாத் திரையையும் அணைத்துவிட்டேன். "ஷூ லேஸ் கட்டுவது எப்படின்னு எழுதுங்க. எழுதினதை மட்டும்தான் செய்வேன். நான்தான் இயந்திரம்" என்றேன். ஒரு பையன் இருக்கிறான், வாயைத் திறந்தால் இரண்டு சொல்தான், தந்தி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் எழுதியது: "லேஸை எடு. கட்டு." எடுத்தேன், நாற்காலிக் காலில் கட்டிவிட்டேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. தந்திக்கு வந்ததே கோபம்! "ஷூல டீச்சர், ஷூல!" என்று அவன் வாழ்நாளிலேயே நீளமான வாக்கியம் ஒன்றைச் சொன்னான். கட்டளையில் ஒரு சொல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை இதைவிட எப்படியடி சொல்லிக்கொடுப்பது?

மறுநாள் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். என்னை மேஜை வரைக்கும் கொண்டுவர வேண்டும், கட்டளையால் மட்டும். "மூணு அடி முன்னாடி. வலது திரும்பு. தடை இருந்தா நில்லு, இல்லேன்னா நட." பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

இப்போது லேப்பிலும் புது ஏற்பாடு. இரண்டு இரண்டு பேராக உட்காரவேண்டும். ஒருவர் வாய், ஒருவர் கை. வாய் திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லும், கை பார்க்காமல் டைப் செய்யும். வாய்க்குக் கை கிடையாது, கைக்குக் கண் கிடையாது. தந்திக்கு ஜோடியாக ஓயாமல் பேசுகிற ஒருத்தியைப் போட்டிருக்கிறேன், ஓட்டைவாய் என்று. நான் நடுவில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன். காதாலேயே பிழையைப் பிடித்துவிடுகிறேன். பயிற்சி அம்மா வந்து பார்த்துவிட்டு அசந்துபோனார். "நீங்க திரும்பிக்கூடப் பாக்கலையே, எந்த வரியில தப்புன்னு எப்படிச் சொன்னீங்க?" என்றார். அனுபவம் என்றேன்.

என் எழுத்தைக் கிண்டல் செய்தாய் அல்லவா, இனி உனக்கு டைப் செய்தே அனுப்புகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குத்தான் லேசாகக் காய்ச்சல் வந்து போனது.

உன் வகுப்பைப் பற்றி வாசித்துக் காட்டினேன். பாப்பா கண்ணைக் கட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். அதிசயம் என்னவென்றால், துணி கட்டிக்கொண்டு நடந்தபோது எதிலும் இடிக்கவில்லை. "பெரியம்மா கிளாஸ்ல நானும் சேரணும்" என்கிறாள்.

டைப் செய்து அனுப்புவது சரி. கண்ணாடி மாற்றினாயா என்று கேட்டேனே, அதற்குப் பதிலே இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் நழுவினால் உன் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுவாயா?

குட்டி

அக்டோபர் 9

அக்கா,

எங்களுக்கு ஒன்றும் இல்லை. உனக்கு என்ன அக்கா?

உன் கடிதம் வந்தது. "அன்பு" என்று இருக்கவேண்டிய இடத்தில் "இடஎம்" என்று இருந்தது. அடுத்த சொல்லும் அப்படியே. ஒரு பக்கம் முழுக்க, ஒரு சொல்கூடத் தமிழில்லை. பிரிண்டர் கோளாறு என்றார் இவர். நான் வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு விரல்களை மேஜைமேல் வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் கீபோர்டில் ஒரு கட்டை இடது பக்கம் தள்ளிப் படித்தேன். அத்தனையும் வந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் ஒரே டைப்பிங் வகுப்பில் கையைத் துணியால் மூடிக்கொண்டு பழகினவர்கள்தானே. நீ விரலை ஒரு கட்டை தள்ளி வைத்துவிட்டு, கடைசி வரைக்கும் அப்படியே அடித்திருக்கிறாய்.

செய்திக்குச் சந்தோஷம். வகுப்பு நடத்திக் காட்டினாய், முதல் இடம், மேடையிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தாய், எல்லோரும் கை தட்டினார்கள், யானைக்கும் அடி சறுக்கும். எல்லாம் படித்தேன். ஆனால் அக்கா, ஒரு கால்புள்ளி தப்பினால் பிள்ளைகளைப் பக்கத்தையே திரும்ப எழுத வைக்கிறவள் நீ. இதை அச்சடித்து, மடித்து, உறையில் போட்டு அனுப்பியிருக்கிறாய். ஒரே ஒரு வரி உன் கண்ணில் பட்டிருந்தாலும் கிழித்துப் போட்டிருப்பாய்.

உனக்குக் கண் தெரியவில்லை. அப்பாவுக்கு வந்ததுதானே?

அணைத்த திரை, கட்டின துணி, வாய், கை. ஐயோ, நான் படித்துப் படித்துச் சிரித்தேனே!

குட்டி

அக்டோபர் 26

குட்டிக்கு,

உடம்பு சுகம். கண் சுகமில்லை. எழுதிவிட்டேன், போதுமா?

இரண்டு வருஷமாகிறது. முதலில் அந்தி சாய்ந்தால் தெருவில் மனிதர்கள் திடீரென்று முளைத்தார்கள். பிறகு பக்கவாட்டில் எதுவும் இல்லாமல் போனது. இந்த வருஷம் திரையில் எழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட மை மாதிரி கலங்குகிறது. டாக்டர் அப்பாவின் பெயரைக் கேட்டார், பழைய சீட்டைப் பார்த்தார், அதேதான் என்றார். மருந்தில்லை.

அந்தக் கடிதத்தைப் பற்றி வெட்கமாக இருக்கிறது. கீபோர்டில் விரல் வைக்கிற இரண்டு கட்டைகளிலும் சின்ன மேடு இருக்குமே, லேப்பில் எல்லாம் தேய்ந்துவிட்டன. இப்போது இரண்டிலும் ஒரு சொட்டுப் பசை வைத்திருக்கிறேன். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற புரோகிராம் உண்டு. அதைப் போட்டால் ஊரெல்லாம் தெரிந்துபோகும், அதனால் போடாமல் இருந்தேன். இப்போது வீட்டில் மட்டும், காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். உன் கடிதத்தை ஸ்கேன் செய்து போட்டேன், அதைக்கூட அது உணர்ச்சியே இல்லாமல் படித்தது. "ஐயோ" என்று நீ எழுதியதை அது சொன்ன அழகு இருக்கிறதே, சிரிப்பு வந்துவிட்டது.

மேடையில் விழுந்தேன் என்றேன் அல்லவா. வகுப்பு முடிந்து, துணியை அவிழ்த்த பிறகுதான் விழுந்தேன். அங்கே படி இருந்தது எனக்குத் தெரியாது. இன்னும் இயந்திரமாகவே நடிக்கிறேன் என்று நினைத்து அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் வணங்கினேன்.

யாரிடமும் சொல்லாதே. மாப்பிள்ளையிடம்கூட வேண்டாம். அப்பாவை நினைத்துப்பார். பேருந்து ஓட்டின மனுஷன், கண் போனது என்று சொன்ன அன்றே சாவியை வாங்கிக்கொண்டார்கள். பிறகு சாகிற வரைக்கும் அந்த நாற்காலி. நாம் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம், வேளாவேளைக்குச் சாப்பாடு, துவைத்த சட்டை. ஒரு வேலையாவது கொடுத்தோமா? எனக்கு அந்த நாற்காலி வேண்டாம் குட்டி. என் வகுப்பு போதும்.

அக்கா

நவம்பர் 10

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். இதற்கு மேல் விவரம் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? என்றைக்காவது ஒரு நாள் யாராவது கண்டுபிடிப்பார்கள். நீயாகவே ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிடு. நீ முதல் இடம் வாங்கினவள், உன்னைப் போய் வெளியே அனுப்புவார்களா? நீ சாலையைக் கடக்கிறாய் என்று நினைத்தாலே செய்கிற வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன்.

யாரிடமும் சொல்லாதே என்றாய், சொல்லமாட்டேன், இது சத்தியம்.

குட்டி

ஜனவரி 11

குட்டிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் நவம்பர் கடிதத்துக்குப் பிறகு இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். பதிலில்லை.

நீ சொன்னதை நான் செய்யவில்லை என்று கோபமா? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். உன் பயம் உனக்கு, என் பிழைப்பு எனக்கு. கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. தினமும் தபால்காரர் சைக்கிளை நிறுத்துகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்.

தந்தி இப்போது நன்றாகப் பேசுகிறான். ஓட்டைவாயோடு உட்கார்ந்தால் பேசாமல் முடியுமா?

அக்கா

பிப்ரவரி 2

அக்கா,

கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதுகிறேன். மெஷின் வாயால் இதை நீ கேட்கக்கூடாது. பகல் வெளிச்சத்தில் வைத்து, மெதுவாக நீயே படி.

உன்மேல் கோபமில்லை. பாப்பாவுக்கும் அதேதான் அக்கா.

நவம்பரில் அவள் பள்ளியில் விளக்கை அணைத்துப் படம் காட்டியிருக்கிறார்கள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள், இவள் மட்டும் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம். மூன்று டாக்டர்களும் ஒரே மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்பாவைச் சொன்னேன். உன்னைச் சொல்லவில்லை. சத்தியம் பண்ணியிருந்தேனே, பாவி.

"எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்மா. சொன்னா நீ அழுவேன்னுதான் சொல்லலை" என்கிறாள். வகுப்பில் கதவிலிருந்து தன் இடத்துக்கு எத்தனை அடி, எங்கே திரும்ப வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறாள். இந்தக் குழந்தையைத்தான் நான் நிதானமில்லை என்று அடித்தேன்.

போன வாரம் கேட்டாள்: "கண்ணு தெரியாதவங்க பெரியவங்க ஆனா என்னம்மா பண்ணுவாங்க?" எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அவளுக்குச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? பெரியம்மாவுக்கும் கண் தெரியாது, ஆனாலும் டீச்சராக இருக்கிறாள் என்று சொல்லட்டுமா?

குட்டி

பிப்ரவரி 26

என் கண்ணே, குட்டி,

நான் எப்படி இருந்தால் என்ன. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா?

உன் கடிதத்தை ஜன்னலோரம் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஒரு பகல் ஆனது. பிறகு வெகுநேரம் அழுதேன். எனக்கு வந்ததைத் தாங்கிக்கொண்டேன். அந்தப் பிஞ்சுக்கு ஏன் வரவேண்டும்?

பாப்பாவிடம் என்னைப் பற்றிச் சொல்வதானால் உண்மையாக இருக்கவேண்டும். துணியைக் கட்டிக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறவளை அவளுக்குக் காட்டி என்ன பிரயோஜனம்? அவளும் ஏமாற்றக் கற்றுக்கொள்வாள். ஏற்கெனவே கற்றுக்கொண்டிருக்கிறாள். அதனால் மறுநாளே போய்ப் பெருமூச்சிடம் சொல்லிவிட்டேன்.

இந்த முறை அவர் பெருமூச்சே விடவில்லை. "சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா" என்றார். படிக்கிற புரோகிராமைப் போட்டுக் காட்டினேன். பிள்ளைகளை உட்கார வைத்து வகுப்பு நடத்தியும் காட்டினேன். நல்ல மனுஷன், மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் பார்த்தார். "எனக்குத் தெரியும்மா. ஆனா மேல எழுதாம இருக்க முடியாது. வயரு, கரண்டு, பசங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், பயிற்சி அம்மாவும் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க முறை ரொம்ப அருமையான முறை. அதை விடமாட்டோம். மத்தவங்களை வச்சு நடத்துவோம்" என்றார்.

லேப் சாவியைக் கொடுத்துவிட்டேன். சம்பளம் வரும். அலுவலக அறையில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். கை வைத்தது, மெத்தை தைத்தது, மரியாதையாகத்தான் கொடுத்தார்கள். வேலை ஒன்றும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லேப். புதிதாக வந்திருக்கிற பெண் என் வகுப்பைத்தான் நடத்துகிறாள். "தடை இருந்தா நில்லு, இல்லேன்னா நட" என்று பிள்ளைகள் கத்துவது கேட்கிறது.

பாப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே? சொல்லாதே.

அக்கா

மார்ச் 14

அக்கா,

நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம்.

சொல்லிவிட்டேன் அக்கா. உன் பதில் வருவதற்குள் சொல்லிவிட்டேன். பாப்பா பள்ளிக்கே போகமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு உன் கதை முழுவதையும் சொன்னேன். லேஸ், துணி, தந்தி, ஓட்டைவாய், முதல் இடம், எல்லாம். "நிஜமாவே பெரியம்மாவுக்குக் கண்ணு தெரியாதா? ஆனா கிளாஸ் எடுக்கறாங்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன் தெரியுமா? மறுநாள் தானாகவே பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அதற்கு அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. என்னால்தான் உனக்கு இது. எந்த முகத்தோடு உன்னிடம் இன்னொன்று கேட்பது? ஆனாலும் கேட்கிறேன். தினமும் சாயங்காலம் வந்ததும் வராததுமாக, "பெரியம்மா லெட்டர் வந்துச்சா? இன்னிக்கு என்ன கிளாஸ் எடுத்தாங்களாம்?" என்கிறாள். ஹெட்மாஸ்டரிடம் நீ சொன்னதையும் சொன்னேன், லேப் சாவியைக் கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வகுப்பில் பிள்ளைகள் சிரித்தார்களா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள்.

நான் என்ன சொல்லட்டும்?

குட்டி

மார்ச் 29

என் தங்கப் பாப்பாவுக்கு,

பெரியம்மா ரொம்ப ரொம்ப நன்றாக இருக்கிறேன். நீ பால் குடிக்கிறாயா? அம்மாவை அழவிடாமல் பார்த்துக்கொள்கிறாயா?

வகுப்பில் சிரித்தார்களா என்று கேட்டாயாம். யாரும் சிரிக்கவில்லை. தந்திதான் முதலில் எழுந்து, "அதனால என்ன டீச்சர்?" என்றான். ஓட்டைவாய், "நாங்க இருக்கோம்ல, வாய்க்கா பஞ்சம்?" என்றாள். அப்புறம் எல்லோரும் என்னைவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் அப்படித்தான். அவர்களுக்கு வேலை கொடுத்தால் வேறெதையும் கவனிக்க மாட்டார்கள்.

இன்றைக்கு என்ன வகுப்பு தெரியுமா? ஆளுக்கொரு எண் எழுதின அட்டையை முதுகில் ஒட்டிவிட்டேன். பேசாமல், திரும்பிப் பார்க்காமல், சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் வரைக்கும் வரிசையாக நிற்க வேண்டும். எப்படி முடியும் சொல்லு பார்க்கலாம்? ஒரே கலவரம். கடைசியில் ஒருவர் முதுகில் ஒருவர் விரலால் எண்ணை எழுதிக் காட்டினார்கள். அவர்களாகவே கண்டுபிடித்தது! தன் எண்ணைத் தெரிந்துகொள்ளக் கண்ணே வேண்டியிருக்கவில்லை, பார்த்தாயா? நீயும் உன் வகுப்பில் செய்து பார். எப்படி வந்தது என்று உன் கையாலேயே எனக்கு எழுது. எழுத்து பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, வரி கோணினாலும் பரவாயில்லை.

அடுத்த வாரத்துக்கு வேறொன்று யோசித்து வைத்திருக்கிறேன். அதை இப்போது சொல்ல முடியாது, மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் லேப் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். நான் போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும்.

உன் பெரியம்மா